எஃப்எஃப்எம்பெக் 8.0: கூத்து கேசட்டும் ஓசி மென்பொருளும்

2025 ஆகஸ்ட் 22ந்தேதி எஃப்எஃப்எம்பெக் 8.0 வெளியாச்சு. நம்ம ஊர்ல எந்த டீக்கடை பெஞ்சுலயும் அதைப் பத்தி ஒரு பேச்சு கிடையாது. புது போன் ஒண்ணு வந்தா நாலு நாளைக்கு அதே பேச்சா இருக்கும். இதுக்கு ஏன் இல்லைன்னு கேட்டா மக்களைக் குத்தம் சொல்ல முடியாதுங்க, பேரை வாய்ல சொல்லவே நாக்கு சுளுக்கிக்குது.

ஆனா அந்தப் பேரைத் தெரியாமலே அதை தினமும் பயன்படுத்திக்கிட்டுதான் இருக்கோம். விஎல்சி பிளேயர்ல படம் பாக்குறீங்களா? உள்ள கோடெக் வேலையில பெரும்பங்கு இவரோடதுதான். குரோம் உலாவி, லைவ் போடுற ஓபிஎஸ், கல்யாண வீடியோவ சுருக்குற ஹேண்ட்பிரேக், கேடென்லைவ், பிளெண்டர்னு எதைத் தொறந்தாலும் உள்ள இவர் உக்காந்திருப்பார். 2021 பிப்ரவரியில நாசாவோட பெர்செவரன்ஸ் வண்டி செவ்வாயில இறங்குனதை வீடியோவா பாத்தோமே, அதை அங்கேயே சுருக்கி பூமிக்கு அனுப்ப உதவினதும் இவர்தான். திருக்கோவிலூர் பஸ் ஸ்டாண்டு ஸ்டுடியோல இருந்து செவ்வாய் கிரகம் வரைக்கும் ஒரே ஆளு!

2000-ல ஃபேப்ரிஸ் பெல்லார்டுங்கிற பிரெஞ்சுக்காரர் ஆரம்பிச்சு வச்சது. (கியூஎமூ எழுதினதும் அதே மனுஷன்தான். சில பேருக்கு மட்டும் ஒரு நாளைக்கு நாப்பத்தெட்டு மணி நேரம் போல.) அப்புறம் மைக்கேல் நீடர்மேயர் பல வருஷம் தோள்ல தூக்கி சுமந்தார். 2011-ல சண்டை போட்டு ஒரு கோஷ்டி பிரிஞ்சு போய் லிப்ஏவினு தனிக்கடை வச்சது, கொஞ்ச வருஷத்துல அந்தக் கடை காத்தாடிருச்சு. அந்தப் பங்காளிச் சண்டைய எழுதினா தனிப்பதிவு ஆயிடும், விடுங்க.

8.0-க்கு அவங்க வச்ச பேரு 'ஹஃப்மன்'. இவங்க வெளியீட்டுக்கு அறிஞர்கள் பேரு வைப்பாங்க. டேவிட் ஹஃப்மன் எம்ஐடியில மாணவரா இருந்தப்ப, கடைசிப் பரிச்சை எழுதுறியா, கட்டுரை தர்றியான்னு வாத்தியார் கேட்க, கட்டுரைனு உக்காந்து கண்டுபிடிச்ச முறைய 1952-ல வெளியிட்டார். விஷயம் ரொம்ப சிம்பிள். நம்ம மெஸ்ல சர்வர் உள்ள பாத்து கத்துறதைக் கேட்டிருப்பீங்க. நிறைய பேரு கேக்குற சாதா தோசைக்கு 'ரெண்டு சாதா'ன்னு ரெண்டே வார்த்தை. எப்பவாச்சும் ஒருத்தர் கேக்குற ஆனியன் ரவா நெய் ரோஸ்டுக்கு முழ நீளத்துக்கு கத்தணும். அடிக்கடி வர்றதுக்கு குட்டிக் குறி, அபூர்வமா வர்றதுக்கு நீளக் குறி. அம்புட்டுதான் ஹஃப்மன். சர்வர் அண்ணன் எம்ஐடி போகல, அதான் வித்தியாசம் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

8.0 பத்தி எழுதின எல்லாரும் ரெண்டு விஷயத்தை தூக்கிப் பிடிச்சாங்க. ஒண்ணு, விஸ்பர். ஓப்பன்ஏஐ 2022-ல வெளியிட்ட பேச்சை எழுத்தாக்குற மாடல், இப்ப எஃப்எஃப்எம்பெக்குக்கு உள்ளயே ஒரு வடிகட்டியா வந்திருக்கு. வீடியோவ குடுத்தா சப்டைட்டில் கோப்பா எழுதிக் குடுக்கும். ரெண்டாவது, வல்கன். கிராபிக்ஸ் கார்டு எந்தக் கம்பெனியா இருந்தாலும் அதோட கணக்குப் போடுற சக்திய வச்சு சில கோடெக்குகளை ஓட்டுற வேலை. அதுல முக்கியமானது எஃப்எஃப்வி1. இது போக ஆப்பிளோட புரோரெஸ் ரா, சாம்சங்கோட ஏபிவி, ரியல்வீடியோ 6.0-னு ஒரு மூட்டை.

ரியல்வீடியோனு படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துருச்சு. பிரவுசிங் சென்டர்ல மணிக்கு முப்பது ரூவா குடுத்து, ரியல்பிளேயர்ல 'பஃபரிங்... பஃபரிங்...'னு பாத்துக்கிட்டே ஒரு பாட்டைப் பாதி கேட்டு எழுந்து வந்த தலைமுறைங்க நாம. அந்தக் கம்பெனி வடிவத்தை இன்னிக்கு யாரு தேடுறா? ஆனா பழைய சிடில யாராச்சும் அந்தக் கோப்பை வச்சிருந்தா அது தொறக்கணும்னு ஒருத்தன் இன்னும் உக்காந்து நிரல் எழுதுறான். எனக்கு இந்த மென்பொருள் மேல இருக்குற மரியாதை முழுக்க இந்த ஒரு குணத்துக்காகத்தான்.

இனி ஊர்க்கதை. என் சித்தப்பா பையன் இங்க ஒரு ஸ்டுடியோ வச்சிருக்கான். சுப முகூர்த்தம் இல்லாத மாசத்துல பழைய விஎச்எஸ் கேசட்டை டிஜிட்டலா மாத்திக் குடுக்குறது அவன் சைடு பிசினஸ். ஞாயித்துக்கிழமைல நான் போய் கூட உக்காந்துக்குவேன். போன வருஷம் ஒரு பையன் மஞ்சப்பையில மூணு கேசட்டைக் கொண்டுவந்தான். அவங்க தாத்தா கூத்து வாத்தியார். நம்ம பக்கத்துல திரௌபதி அம்மன் கோயில் திருவிழானா பாரதக்கூத்து விடிய விடிய நடக்கும்ல, அதுல கர்ணன் வேஷம் கட்டுவாராம். தொண்ணூறுகள்ல யாரோ வெளியூர் சொந்தக்காரர் கேமரா கொண்டுவந்து ஒரு ராத்திரி முழுக்க எடுத்திருக்கார். தாத்தா போயிட்டார். அவர் குரல் இந்த மூணு கேசட்டுல மட்டும்தான் இருக்கு.

நம்ம தம்பி வழக்கமா பண்றது என்னன்னா, கேசட்டை ஓட்டி, பிடிச்சு, எம்பி4-ஆ நல்லா சுருக்கி, பென்டிரைவ்ல போட்டுக் குடுப்பான். கஸ்டமருக்கும் அதான் வேணும், வாட்ஸப்புல அனுப்பணும்ல. நான் தடுத்தேன். "டேய், கல்யாண கேசட்டுனா சரி. இதை ஒரு தடவைதான் ஓட்ட முடியும் போல இருக்கு, டேப்புல வெள்ளை வெள்ளையா பூஞ்சை. முதல்ல எஃப்எஃப்வி1-ல ஒரு மூலப்பிரதி எடு, அதுலேர்ந்து எம்பி4 அடிச்சுக்கலாம்"னேன். "அண்ணே, ஹார்டு டிஸ்கு யாரு குடுப்பா?"ன்னான். நியாயமான கேள்வி.

கணக்குப் பாருங்க. நம்ம ஊர் பால் டிவி அளவுல ஒரு படத்துக்கு 720-க்கு 576 புள்ளி, புள்ளிக்கு 2 பைட்டு, நொடிக்கு 25 படம். நொடிக்கு 2 கோடியே 7 லட்சம் பைட்டு சொச்சம். ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 75 ஜிபி. எட்டு மணி நேரக் கூத்துக்கு 600 ஜிபி. எஃப்எஃப்வி1 இதை ஒரு புள்ளி கூட மாறாம சுமார் பாதியா ஆக்கிடும். அப்பவும் 300 ஜிபி. எம்பி4-னா பத்து ஜிபில முடிஞ்சிருக்கும்.

அப்ப எதுக்கு 300? நம்ம ஊர் ஐதீகத்துலயே இதுக்கு பதில் இருக்கு. உலகளந்த பெருமாள் கோயில் இடைகழி கதை தெரியாதவங்க இங்க இருக்க மாட்டாங்க. மழை ராத்திரி, பொய்கையாழ்வார் வந்து ஒதுங்குறார், ஒருத்தர் படுக்க இடம். பூதத்தாழ்வார் வர்றார், ரெண்டு பேரும் உக்காந்துக்குறாங்க. பேயாழ்வார் வர்றார், மூணு பேரும் நின்னுக்குறாங்க. அதே இடம்தான், யாரையும் வெளிய தள்ளல, நிக்குற விதத்தைத்தான் மாத்திக்கிட்டாங்க. எஃப்எஃப்வி1 பண்றது அதைத்தான். நாம தினமும் பாக்குற எம்பி4 என்ன பண்ணும்னா, 'கண்ணுக்குத் தெரியவா போவுது'ன்னு ஒரு ஆழ்வாரை மழையில நிறுத்திட்டு கதவைச் சாத்திக்கும். கல்யாண ரிசப்ஷனுக்கு அது போதும். ஆனா அரை இருட்டுல, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல எடுத்த கர்ணன் முகத்துல எது முக்கியம் எது குப்பைன்னு அந்த நிரலுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு இதைவிட நல்லா சரிபண்ற கருவி வரும்போது, அன்னிக்கு மழையில நிறுத்தின ஆழ்வாரைத் திரும்பக் கூப்பிட முடியாது.

எஃப்எஃப்வி1 இந்த எஃப்எஃப்எம்பெக் ஆளுங்களே 2003-ல உருவாக்கினது. 2021-ல ஆர்எஃப்சி 9043-ன்னு முறைப்படி ஆவணமாவும் ஆயிருச்சு. உலகத்துல பல ஆவணக் காப்பகங்கள் வீடியோவைக் காப்பாத்தி வைக்க இதைத்தான் நம்பி இருக்காங்க. ராயல்டி கிடையாது, கம்பெனி மூடிட்டா தொறக்காதுங்கிற பயம் கிடையாது. 8.0-ல அது கிராபிக்ஸ் கார்டுல ஓடுறதை ஆஹா ஓஹோனு சொல்றாங்க. ஒரு உண்மைய சொல்லிடறேன், விஎச்எஸ்-க்கு அதனால பெரிய லாபம் ஒண்ணும் கிடையாது. கேசட்டு ஓடுற வேகத்துலதான் பிடிக்க முடியும், அதுக்கு பழைய ப்ராசசரே போதும். ஃபிலிம் சுருளை 4கே-ல ஸ்கேன் பண்றவங்களுக்குத்தான் கொண்டாட்டம். ஆனா இருபத்திரெண்டு வயசான கோடெக்குக்கு இன்னிக்கும் ஒருத்தர் உக்காந்து புதுசா வேலை பாக்குறாருங்கிறது எனக்குப் பெரிய விஷயம். என் கோப்பு இன்னும் முப்பது வருஷம் கழிச்சும் தொறக்கும்ங்கிறதுக்கு அதைவிட வேற என்ன உத்தரவாதம் வேணும்?

கடைசில 2 டிபி டிஸ்கு ஒண்ணு வாங்கினோம். பாதிப் பணம் அந்தப் பையன், மீதி நான். தம்பி காசு போடல, மின்சாரம் அவனோடதாம்.

விஸ்பர் விஷயத்துக்கு வர்றேன். இது இன்டர்நெட் இல்லாம நம்ம பொட்டியிலயே ஓடுது, குரல் வெளிய எங்கயும் போவாது. ரொம்ப நல்ல சங்கதி. எங்க பெரியப்பாவுக்குக் காது சுத்தமா கேக்காது. ஒரு பட்டிமன்ற வீடியோவ ஓட்டி எழுத்து வர வச்சுக் காட்டினேன். பத்துக்கு ரெண்டு மூணு வார்த்தை கோக்குமாக்கா வந்தாலும் மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார். எந்த நகைச்சுவைக்குச் சிரிக்கணுமோ அதுக்குச் சரியா சிரிச்சார். எட்டு வருஷமா டிவி முன்னாடி சும்மா உக்காந்துட்டு எழுந்து போற ஆளுங்க அவர்.

அதே தெம்புல கூத்து கேசட்டை ஓட்டினேன். அய்யோ பாவம். முகவீணை வாசிக்கிற இடத்துல யாரும் பேசாத வாக்கியமா ரெண்டு எழுதுது. கட்டியங்காரன் வசனம் கந்தலாயிருச்சு. 'வரச்சொல்ல', 'போவச்சொல்ல'ன்னு நம்ம பக்கத்துல பேசுறதை, யாரோ யாரையோ வரச் சொல்லி கட்டளை போடுறதா எடுத்துக்கிச்சு. கல்வராயன் மலைப்பக்கத்துலேர்ந்து வந்த ஒருத்தர் பேச்சு இடைல வருது, அதுல ஒரு வார்த்தை தேறல.

இதுக்கு எஃப்எஃப்எம்பெக்கைத் திட்டுறது போஸ்ட்மேனைத் திட்டுற மாதிரி. மாடலுக்கு எந்தத் தமிழை ஊட்டுனாங்களோ அதைத்தான் அது பேசும். செய்தி வாசிக்கிற தமிழும் சினிமாத் தமிழும் கிடைக்கிற அளவுக்கு நம்ம தமிழ் கிடைக்கல. மோசில்லாவோட காமன் வாய்ஸ்ல தமிழ் இருக்கு, யார் வேணா குரல் குடுக்கலாம். சென்னை ஐஐடியில ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்குன்னே பேச்சு மாடல் செய்யுறாங்க. அதுக்கெல்லாம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துலேர்ந்து எத்தனை குரல் போயிருக்கும்? 'செந்தமிழ் செத்துப்போவுது'ன்னு மேடையில முழங்குறவங்க, ஒரு அரை மணி நேரம் மைக்கு முன்னாடி உக்காந்து நம்ம ஊர் பேச்சைப் பேசிட்டு வந்தா புண்ணியமாப் போவும்.

இனிமே வர்றதுதான் எனக்கு வயித்தெரிச்சல். துட்டு.

தம்பி ஸ்டுடியோல மொதல்ல ஒரு 'வீடியோ கன்வர்ட்டர்' இருந்துச்சு. மூவாயிரத்து சொச்சம் குடுத்து வாங்கினது. லைசென்ஸ் முடிஞ்சதும் கஸ்டமர் வீடியோல நட்ட நடுவுல கம்பெனி பேரு வந்து நின்னுருச்சு. உள்ள போய் நோண்டிப் பாத்தா, முழுக்க எஃப்எஃப்எம்பெக். மேல ஒரு பச்சை பட்டன், அவ்ளோதான். விக்கிறது தப்பு இல்லைங்க, அந்த உரிமமே வித்துக்கோன்னுதான் சொல்லுது. ஆனா யாரோடதுன்னு சொல்லணும், உரிமத்தோட நகலை கூட வைக்கணும், மூலநிரலைக் கேட்டா தரணும். எதுவும் இல்ல. எஃப்எஃப்எம்பெக் ஆளுங்க இந்த மாதிரி ஆசாமிகளுக்குன்னே ஒரு காலத்துல 'அவமானப் பட்டியல்' வச்சிருந்தாங்கன்னா பாத்துக்கோங்க.

பெரிய இடத்துலயும் இதே கதைதான், இங்கிலீஷ்ல நடக்கும். 2024 ஏப்ரல்ல மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் பக்கம் வேலை பாக்குற ஒருத்தர், சப்டைட்டில்ல ஒரு கோளாறுன்னு எஃப்எஃப்எம்பெக் பிழைப்பட்டியல்ல 'அவசரம்'னு போட்டார். ஆதரவு ஒப்பந்தம் போடுங்கன்னு கேட்டதுக்கு, ஒரே ஒரு தடவை சில ஆயிரம் டாலர் தர்றோம்னு சொன்னதா எஃப்எஃப்எம்பெக் தரப்புலயே வெளிப்படையா சொன்னாங்க. எக்ஸ்இசட் மென்பொருள்ல திருட்டு வாசல் வச்சது கண்டுபிடிச்சு உலகமே பதறின அடுத்த வாரம் இது. அங்கயும் பராமரிச்சது தனியா அல்லாடின ஒரே ஆளுதான்.

2025 கடைசில கூகிளோட பஞ்சாயத்து. கூகிளோட செயற்கை நுண்ணறிவு ஒரு பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடிச்சது. எங்கன்னா, லூகாஸ்ஆர்ட்ஸ் 1995-ல விட்ட ஒரு கேமோட வீடியோ வடிவத்துல! தன்னார்வலர்கள் கொதிச்சுட்டாங்க. கண்டுபிடிச்சுத் தர்றதுக்கு கோடிக்கணக்குல செலவு பண்றீங்க, அடைக்கிறதுக்கு சம்பளம் இல்லாத நாங்க, கூடவே கெடு வேறயா, ஒண்ணு திருத்தத்தோட வாங்க இல்லேன்னா காசோட வாங்கன்னு. எதிர்த்தரப்பு வாதத்துலயும் நியாயம் இருக்கு. ஓட்டைனா ஓட்டைதான். முப்பது வருஷத்துக்கு முந்தின கோடெக்கா இருந்தாலும், திருடன் அந்த வழியா வருவான். சிலர் 'அந்தக் குப்பையெல்லாம் தூக்கிப் போட வேண்டியதுதானே'ன்னு யோசனை சொன்னாங்க பாருங்க, அங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன். யாருக்கும் வேண்டாத கேமை விடாம காப்பாத்துற அதே பிடிவாதம்தான் என் ரியல்பிளேயர் பாட்டையும் காப்பாத்துது. எது குப்பைன்னு முடிவு பண்ற வேலைய கூகிள் கையில குடுத்தா கூத்து கேசட்டுக்கு என்ன கதி?

கூகிள்கிட்ட இருக்குற பணத்துக்கு இந்த வேலைக்கு நாலு பேரை சம்பளம் குடுத்து உக்கார வைக்கிறது சுண்டைக்கா.

பணம் குடுத்தவங்களும் இருக்காங்க, சொல்லணும். ஜெர்மனி அரசாங்கத்தோட சாவரின் டெக் ஃபண்ட் 2024-ல ஒன்றரை லட்சம் யூரோவுக்கு மேல குடுத்துச்சு. எஃப்எஃப்எம்பெக்குக்கு ஒரு அரசாங்கம் காசு குடுத்தது அதுதான் முதல் தடவை. நம்ம நாட்டுலேர்ந்து, ஆமாங்க பெங்களூருலேர்ந்து, ஸெரோதா கம்பெனியோட ஃப்ளாஸ் ஃபண்ட் 2025-ல 1 லட்சம் டாலர் அறிவிச்சாங்க. நம்ம காசுக்கு 88 லட்சம் பக்கம். வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் திறமூல மென்பொருளுக்குன்னு 2024-ல ஆரம்பிச்ச நிதி அது. பங்கு வியாபாரம் பத்தி எனக்கு ஆயிரம் கேள்வி இருக்கு, ஆனா இந்த விஷயத்துல கைதட்டினேன்.

அரசாங்கம்? நம்ம அரசாங்கத்தோட உறவு வேற மாதிரி. 2022 பிப்ரவரிலேர்ந்து விஎல்சியோட இணையதளத்தையே இந்தியாவுல முடக்கி வச்சிருந்தாங்க. முன்கூட்டி ஒரு நோட்டீஸ் கிடையாது, காரணம் கிடையாது. வீடியோலேன் அமைப்பும் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனும் அக்டோபர்ல வக்கீல் நோட்டீஸ் விட்டப்புறம் நவம்பர்ல தொறந்தாங்க. அந்த ஒம்போது மாசமும் நம்ம ஜனங்க விஎல்சிய கண்ட கண்ட தளத்துலேர்ந்து, கூட ரெண்டு வைரஸோட, இறக்கிக்கிட்டாங்க. பாதுகாப்புக்காகன்னா இதைவிடக் கேலி கிடையாது.

என் கட்சி இதுதான். தமிழ்நாட்டுல கலை பண்பாட்டுத் துறை இருக்கு, தமிழ் வளர்ச்சித் துறை இருக்கு, மாவட்ட மைய நூலகங்கள் இருக்கு. மாவட்ட நூலகத்துல ஒரு பழைய கணினி, ஓடுற ஒரு விஎச்எஸ் பிளேயர், ஒரு கேப்சர் கருவி, நாலு டிஸ்கு வச்சா போதும். மென்பொருளுக்குக் காசே இல்ல. ஊர்ல இருக்குற கூத்து, தெருவடைச்சான் கச்சேரி, கோயில் திருவிழா, ஒப்பாரின்னு யார் வீட்டுப் பரண்ல எது இருந்தாலும் கொண்டாந்து மாத்திக்கலாம், ஒரு பிரதி நூலகத்துல இருக்கட்டும். விழுப்புரத்துல குனு/லினக்ஸ் பயனர் குழு பசங்க இருக்காங்க, கூப்பிட்டா வந்து சொல்லித்தர ஆளு உண்டு. அப்படி மிச்சமாகுற மென்பொருள் காசுல நூத்துக்கு ஒரு ரூவாய எஃப்எஃப்எம்பெக் மாதிரி ஆளுங்களுக்கு அனுப்பினா ஜெர்மனிக்காரன் முன்னாடி நாமளும் நிமிந்து நிக்கலாம்.

அவசரம் எதுக்குன்னா டேப்புக்கு நேரம் இல்ல. விஎச்எஸ் பிளேயர் செஞ்சுக்கிட்டிருந்த கடைசி கம்பெனி, ஜப்பானோட ஃபுனாய், 2016 ஜூலைலயே கடையைக் கட்டிருச்சு. இப்ப ஓடுற பிளேயர் எல்லாம் ஒண்ணு செத்தா இன்னொண்ணுலேர்ந்து உறுப்பு எடுத்து வச்சு ஓடுது.

வாத்தியார் கேசட்டுல ரெண்டு முடிஞ்சிருச்சு. மூணாவதுல பூஞ்சை அதிகம், அதான் கர்ண மோட்சம் இருக்குற கேசட்டு. அதை ஓட்டினா இருக்குற ஒரே பிளேயரோட ஹெட்டும் போயிடும்னு தம்பி பயப்படுறான், நானும் அவனை வற்புறுத்தல.

பி.கு: திருக்கோவிலூர், அரகண்டநல்லூர், ரிஷிவந்தியம், உளுந்தூர்பேட்டை பக்கம் யார் வீட்டுலயாச்சும் பழைய விஎச்எஸ் பிளேயர் பரண்ல தூங்குதா? ஓடலன்னாலும் பரவால்ல, ஹெட்டு மட்டும் நல்லா இருந்தா போதும். பழைய இரும்புக்காரனுக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே வண்டி எடுத்துக்கிட்டு வந்து வாங்கிக்கிறேன்.